காவிரிக் கடைமடையின் கிளை ரயில் பாதைகள்: பழைய நிலையங்களைப் பார்க்க எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி – ஆக்கூர்ப் பேரன்

அனைவருக்கும் வணக்கம். என் தாயார் பள்ளி நாட்களில் ஆக்கூர் நிலையத்தில் ஏறி மாயவரம் போய்ப் படித்தவர். மயிலாடுதுறை என்ற பெயர் இன்னும் அவர் வாயில் வருவதில்லை. அந்த மயிலாடுதுறை–தரங்கம்பாடிப் பாதை 1926இல் திறக்கப்பட்டு 1986இல் மூடப்பட்டது என்பதையும், மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு என்று ஊர் ஊராக நின்று கடற்கரைக்குப் போனது என்பதையும் அறிவேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

வரும் தை மாதத்தில் தாயாரை அழைத்துக்கொண்டு மூன்று நாட்கள் இந்தப் பகுதியின் கிளைப்பாதைகளைப் பார்த்துவர எண்ணியிருக்கிறேன். மூடப்பட்ட பாதையின் தடத்தை வயல்வெளியில் எப்படி அடையாளம் காண்பது? அகலப்பாதையாக மாற்றப்பட்ட திருவாரூர்–காரைக்குடி போன்ற பாதைகளில் பழைய நிலையங்களின் சுவடு ஏதேனும் மிஞ்சியிருக்குமா, அல்லது எல்லாம் புதிய கட்டடங்கள்தானா? செங்கோட்டை–புனலூர்ப் பாதைக்குப் போனால்தான் பழைய ரயிலின் அழகு தெரியும் என்று நண்பர் ஒருவர் வற்புறுத்துகிறார். மூன்று நாட்களில் இரண்டையும் பார்க்க இயலாது என்பதால் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன். தாயாருக்கு மூட்டுவலி இருப்பதால் நெடுந்தொலைவு நடக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் 1 – பொதிகைச் சாரல்

உங்கள் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1904இல் திறக்கப்பட்ட செங்கோட்டை–புனலூர்ப் பாதை ஏறத்தாழ 49 கிலோமீட்டர்தான் என்றாலும், பகவதிபுரம் தாண்டியவுடன் வரும் நீண்ட குகையும், கழுதுருட்டிக்கு அருகே சாலையை ஒட்டி எழுந்து நிற்கும் பதின்மூன்று வளைவுக் கற்பாலமும், வண்டியின் முன்னும் பின்னும் இன்ஜின் பூட்டி ஏற வேண்டியிருக்கும் சரிவும் தென்னாட்டில் வேறெங்கும் ஒருசேரக் காணக் கிடைக்காதவை. 2010இல் மீட்டர்கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் இடைவெளி உள்ள குறுகிய பாதை) வண்டி நின்றது. 2018இல்தான் அகலப்பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது. அந்தக் கற்பாலத்தை இடிக்காமல் வலுப்படுத்தி அதன் மேலேயே புதிய பாதையைக் கொண்டுசென்றார்கள் என்பது பாராட்டுக்குரியது. அதை ரயிலுக்குள்ளிருந்து பார்க்க முடியாது. சாலையில் இறங்கி நின்றுதான் பார்க்க வேண்டும்.

இருந்தாலும் உங்கள் கேள்வியைப் படித்தபின் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் தேடுவது நிலையங்களை. எங்கள் பாதையில் மனத்தில் நிற்பது மலையும் பாலமும்தான். நிலையங்கள் பெரும்பாலும் காட்டுக்குள் வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிடுவதற்காக அமைந்தவை. சாரல் காலமான ஆனி, ஆடியில் ஒருமுறை தனியாக வாருங்கள். பகலில் மலையைக் கடக்கும் வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். இரவு வண்டியில் வந்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று குறைப்பட்டுக்கொள்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பதில் 2 – வரைபடப் பித்தன்

மூடப்பட்ட பாதையைத் தேடுவதில் பத்தாண்டுப் பழக்கம் உள்ளவன் என்ற முறையில் எழுதுகிறேன். புறப்படும் முன் வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலைதான் இதில் பாதி.

செயற்கைக்கோள் படத்தில் மயிலாடுதுறையிலிருந்து தென்கிழக்காகப் பாருங்கள். சாலை, கிராமத்தைக் கண்டால் வளையும், கோயிலைக் கண்டால் ஒதுங்கும், வாய்க்காலைக் கண்டால் சட்டென்று ஒடிந்து திரும்பும். ரயில் பாதைக்கு அப்படித் திரும்பத் தெரியாது. கிலோமீட்டர் கணக்கில் நேராகச் சென்று, பெரிய வட்டத்தின் ஒரு துண்டைப் போல மெல்ல வளைந்து, மறுபடியும் நேராகும். வயல்களின் வரப்புகளை வெட்டிக்கொண்டு அப்படி ஒரு கோடு போகிறதென்றால், அதன் மேல் இன்று கருவேலம் மண்டியிருந்தாலும், தார்ச்சாலையே போடப்பட்டிருந்தாலும், அது பழைய ரயில் மேடாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நில ஆவணங்களில் ரயில்வேக்குரிய நிலமென்று குறிக்கப்பட்ட நீண்ட, ஒடுக்கமான புல எண்கள் வரிசையாக வந்தால் ஐயமே வேண்டாம்.

நேரில் போனதும் மேட்டை விடச் சிறு பாலங்களைத் தேடுங்கள். கடைமடையில் நூறு கெஜத்துக்கு ஒரு வாய்க்கால் குறுக்கிடும். தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துச் சென்றவர்கள் இரும்பை எடுத்தார்களே தவிர, செங்கல்லில் கட்டிய வாய்க்கால் பாலங்களை இடிக்க யாரும் மெனக்கெடுவதில்லை. ரயில்வே எல்லைக் கற்களையும் பாருங்கள். தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் ஆங்கில முதலெழுத்துகளான எஸ்.ஐ.ஆர். பொறித்த கற்கள் இன்றும் பல ஊர்களில் மாடு கட்டவும் துணி துவைக்கவும் பயன்படுகின்றன. அதைப் போலவே பழைய தண்டவாளத் துண்டுகள் வேலிக்காலாகவும் வீட்டு உத்தரமாகவும் மாறியிருக்கும். மீட்டர்கேஜ் கிளைப்பாதைகளில் கெஜத்துக்கு 50 அல்லது 60 பவுண்டு எடையுள்ள மெல்லிய தண்டவாளங்களைத்தான் போட்டார்கள். இன்று முதன்மைப் பாதைகளில் போடுவது மீட்டருக்கே 60 கிலோ. கையால் பிடித்துப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும்.

அகலப்பாதையான இடங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே தேட வேண்டிய முதல் அடையாளம் தரைமட்டம். மீட்டர்கேஜ் காலத்துக் கிராம நிலையங்களில் நடைமேடை தண்டவாளத்தை விட ஓரடி உயர்ந்திருந்தாலே பெரிது. பயணிகள் வண்டியின் படியைப் பிடித்து ஏறிக்கொள்வார்கள். மாற்றத்தின்போது உயர்ந்த நடைமேடை கட்டப்பட்டதால், தப்பிப் பிழைத்த பழைய கட்டடத்தின் தரை பல இடங்களில் புதிய நடைமேடையை விடத் தாழ்ந்து பள்ளத்தில் கிடக்கும். இரண்டாவது அடையாளம் மரங்கள். நிலையக் கட்டடம் போனாலும் அதன் முன்னால் நட்டு வளர்த்த தூங்குமூஞ்சியும் வேம்பும் பெரும்பாலும் நிற்கும். ஆளில்லாத வெளியில் காரணமின்றி வரிசையாக நான்கு பெருமரங்கள் நின்றால் அங்கே இறங்கிப் பாருங்கள்.

சட்டம் பற்றி ஒரு சொல். கைவிடப்பட்ட மேட்டில் நடப்பது வேறு, வண்டி ஓடும் பாதையில் நடப்பது வேறு. அனுமதியின்றித் தண்டவாளப் பகுதிக்குள் நுழைவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். நிலையத்துக்குள் நடைமேடைச் சீட்டோ பயணச்சீட்டோ கையில் இருக்கட்டும். கேமராவை எடுக்கும் முன் பணியில் இருக்கும் நிலைய அலுவலரிடம் நோக்கத்தைச் சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் தாங்களே முன்வந்து பழைய பொருட்களைக் காட்டுவார்கள்.

பதில் 3 – பிரம்பு வளையம்

நான் ஓய்வுபெற்ற நிலைய அலுவலர். மீட்டர்கேஜ் கிளைப்பாதைகளில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. முன்னவர் கட்டடத்தையும் கல்லையும் சொன்னார். அந்த நிலையம் எப்படி வேலை செய்தது என்று தெரியாமல் பார்த்தால் அது வெறும் ஓட்டுக் கொட்டகையாகத்தான் தெரியும் என்பதால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

இவையெல்லாம் ஒற்றைப் பாதைகள். எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் இரு நிலையங்களுக்கு நடுவே நுழைந்துவிடக் கூடாது என்பதே எங்கள் தொழிலின் முதல் பாடமும் கடைசிப் பாடமும். இதற்காக ஒவ்வொரு நிலையத்திலும் அடுத்த நிலையத்தோடு கம்பியால் இணைக்கப்பட்ட டோக்கன் கருவி ஒன்று இருக்கும். அதற்குள் இரும்பு உருண்டைகள் அடுக்கப்பட்டிருக்கும். அடுத்த நிலையத்து அலுவலர் மணியடித்து ஒப்புதல் தந்து தன் பக்கத்துக் கருவியை இயக்கினால்தான் என் கருவியிலிருந்து ஓர் உருண்டை விழும். அது வெளியே இருக்கும்வரை இரு பக்கத்திலிருந்தும் இரண்டாவது உருண்டையை எடுக்கவே முடியாது. அந்த உருண்டையைத் தோல் பையில் போட்டுப் பெரிய பிரம்பு வளையத்தில் கட்டி டிரைவரிடம் கொடுப்போம். அது கையில் இல்லாமல் அவர் வண்டியை நகர்த்தக் கூடாது. நிற்காமல் போகும் வண்டியென்றால் பாயிண்ட்ஸ்மேன் எனப்படும் நிலைய ஊழியர் வளையத்தைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்து நிற்க, இன்ஜினிலிருந்து கையை நீட்டி அதை மாட்டி எடுத்துக்கொள்வார்கள். மழை இரவில் ஒரு கையில் தீவட்டியும் மறு கையில் வளையமுமாக நின்றவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புதான்.

இனி கைகாட்டி. ஊர்க்காரர்களுக்கு ரயிலின் கடிகாரமே அதுதான். கை கிடைமட்டமாக நீட்டியிருந்தால் வண்டி நிற்க வேண்டும், தாழ்ந்திருந்தால் வரலாம். "கை இறங்கிவிட்டது" என்று யாராவது குரல் கொடுத்தால் டீக்கடையிலிருந்து எல்லாரும் எழுந்து ஓடுவார்கள். இரவில் அதன் பின்னால் மண்ணெண்ணெய் விளக்கு எரியும். அனுமதி காட்டும் கண்ணாடி உண்மையில் நீலம் கலந்தது. மண்ணெண்ணெய்ச் சுடரின் மஞ்சள் ஒளி அதன் வழியே வரும்போதுதான் பச்சையாகத் தெரியும். பழைய கைகாட்டி ஒன்று எங்காவது காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தால், யாரோ தவறான கண்ணாடியைப் போட்டுவிட்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

பார்க்க வேண்டிய மற்றவை: பார்சல் எடை பார்க்கும் தரைத் தராசு, நீராவி இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கும் தும்பிக்கை போன்ற குழாய், அதற்கு நீர் தந்த பெரிய வட்டக் கிணறு, சுவரில் அரைவட்டமாக வெட்டிய டிக்கெட் துளை. கிணறும் தராசுக் குழியும்தான் பெரும்பாலும் மிஞ்சும், மற்றவை பழைய இரும்பு விலைக்குப் போய்விடும். மஞ்சள் பெயர்ப்பலகையின் அடியில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று எழுதியிருப்பதையும் படித்துக்கொண்டே போங்கள். கடைமடையில் அந்த எண் கிழக்கே போகப் போகக் கைவிரல் கணக்குக்கு வந்துவிடும்.

பெயரின் முடிவில் "ரோடு" என்று வரும் நிலையங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாவூர் ரோடு, கொடைக்கானல் ரோடு என்பவை அந்த ஊருக்குப் போகும் சாலைக்கு அருகே உள்ள நிலையங்களே தவிர, அந்த ஊரிலேயே உள்ளவை அல்ல. கொடைக்கானல் ரோட்டில் இறங்கி ஏரியைத் தேடிய பயணிகளை நானே பார்த்திருக்கிறேன்.

பதில் 4 – வேதை உப்பளம்

நான் வேதாரண்யம் பக்கத்துக்காரன். முன்னவர்களிடம் எனக்கு ஒரே ஒரு மனக்குறைதான். பாதை எதற்காகப் போடப்பட்டது என்பதை யாரும் சொல்லவில்லை.

நாகப்பட்டினம்–தஞ்சாவூர் பாதை 1861இல் ரயில் கம்பெனிக்காரர்கள் துறைமுகத்தை நம்பிப் போட்டது. முதலில் அகலப்பாதையாகத் திறந்து, 1875இல் மீட்டர்கேஜாகக் குறுக்கி, நம் காலத்தில் மறுபடியும் அகலமாக்கினார்கள். ஒரே மேடு மூன்று முறை அளவு மாறியது என்பது வேடிக்கையான வரலாறு. ஆனால் மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 1894இல் திறக்கப்பட்ட பாதை அப்படிப்பட்டதல்ல. அதற்கு முதல் போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. அதற்கான பணம் இந்த மாவட்டத்து நிலத்தின் மேல் விதித்த தனித் தீர்வையிலிருந்து வந்தது. நம் பாட்டன்மார் நெல் விற்ற காசில் போட்ட பாதை என்று சொன்னால் மிகையாகாது. 1902இல் அது பட்டுக்கோட்டைக்கும் 1903இல் அறந்தாங்கிக்கும் நீண்டது. அறந்தாங்கியிலிருந்து காரைக்குடிக்கு இணைப்பு வந்தது விடுதலைக்குப் பிறகுதான்.

நம் ஆறுகள் எல்லாம் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுபவை. இந்தப் பாதையோ வடக்கிலிருந்து தெற்கே போகிறது. ஆகவே அரசலாறு, திருமலைராஜன் ஆறு, ஓடம்போக்கி என்று ஒவ்வொன்றையும் தாண்டித்தான் ஆக வேண்டும். சன்னலோரம் அமர்ந்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு பாலம் வரும். தை மாதம் நல்ல தேர்வுதான். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது மரபு என்பதால், தையின் முதல் பாதியில் வந்தால் ஆற்றில் தண்ணீரும் வயலில் விளைந்த சம்பாவும் ஒன்றாகக் காணக் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வராதீர்கள். புயல் எச்சரிக்கை வந்தால் திட்டமெல்லாம் வீணாகிவிடும்.

திருவாரூர்–காரைக்குடிப் பாதை அகலமாக்கப்பட்டு 2019இல் முழுமையாகத் திறக்கப்பட்டபோது நடந்ததை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன். கேட்டுகளுக்குப் போதிய ஆட்கள் இல்லாததால் கேட்கீப்பர்கள் வண்டியிலேயே பயணம் செய்தார்கள். ஒவ்வொரு லெவல் கிராசிங்கிலும் வண்டி நிற்கும். முன்பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கி கேட்டை மூடுவார். வண்டி மெல்லக் கடந்து மறுபடியும் நிற்கும். பின்பெட்டியில் இருப்பவர் இறங்கி கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். ஏறத்தாழ 150 கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. பேருந்தில் போனவர்கள் சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம். ஆனாலும் தில்லைவிளாகத்தையும் அதிராம்பட்டினத்தையும் பேராவூரணியையும் அவ்வளவு நிதானமாகப் பார்க்கும் வாய்ப்பு இனி யாருக்கும் கிட்டாது.

உங்கள் தாயாருக்கு ஏற்றது திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளிக் கிளை. ஏறத்தாழ 37 கிலோமீட்டர். 2004இல் நின்ற ரயில் 2023 ஏப்ரலில்தான் திரும்ப வந்தது. கரியாப்பட்டினம், குரவப்புலம், நெய்விளக்கு, தோப்புத்துறை, வேதாரண்யம் கடந்து, பாதை உப்பளங்களுக்கு நடுவே போய் முடிகிறது. உப்புதான் அந்தப் பாதையின் சரக்கு. இறங்கினால் 1930இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்துவந்தவர்கள் உப்பள்ளிய இடத்தின் நினைவுத்தூணைப் பார்க்கலாம். நடை அதிகமில்லை, ஆனால் நிழலும் இல்லை. குடை கொண்டுவாருங்கள். வண்டிகள் மிகக் குறைவு என்பதால் திரும்பும் நேரத்தை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர் – ஆக்கூர்ப் பேரன்

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. செங்கோட்டையை ஆனிக்கு ஒதுக்கிவிட்டேன். முதல் நாள் மயிலாடுதுறையிலிருந்து திருத்துறைப்பூண்டி வரை ரயில், இரண்டாம் நாள் அகஸ்தியம்பள்ளி, மூன்றாம் நாள் வாடகைக் காரில் மன்னம்பந்தல் முதல் தரங்கம்பாடி வரை பழைய தடம் என்று வைத்திருக்கிறேன். பேரளம்–காரைக்கால் பாதையும் வழியில்தான் இருக்கிறது என்பதால் அதையும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாமா?

பதில் 5 – வரைபடப் பித்தன்

தாராளமாகப் பார்க்கலாம். அதைப் பார்த்த பின்பு தரங்கம்பாடிக்குப் போவது இன்னும் பொருத்தமாக இருக்கும். 1898இல் திறந்த பேரளம்–காரைக்கால் பாதையும் எண்பதுகளின் இறுதியில் மூடப்பட்டதுதான். இன்று அங்கே புதிய தண்டவாளம் போட்டுவிட்டார்கள். 1976இல் மூடிய நீடாமங்கலம்–மன்னார்குடிப் பாதை 2011இல் உயிர்பெற்றது. இந்தக் கடைமடைப் பகுதியில், ஏறத்தாழ ஒரே காலத்தில் கைவிடப்பட்டவற்றுள் இவை திரும்பிவர, தரங்கம்பாடிப் பாதை மட்டும் கோரிக்கை மனுக்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணத்துக்கு வரும் கூட்டத்தைக் கண்டால் பயணிகள் இல்லை என்ற காரணத்தை இன்று யாரும் சொல்ல முடியாது என்பது என் தனிப்பட்ட கருத்து. விவாதத்தை அதன் பக்கம் இழுக்க விரும்பவில்லை.

காரில் போகும்போது செம்பனார்கோயிலுக்குப் பிறகு அவசரப்படாதீர்கள். சாலைக்கும் பழைய மேட்டுக்கும் உள்ள இடைவெளி கூடியும் குறைந்தும் வரும். செயற்கைக்கோள் படத்தில் குறித்துவைத்த வாய்க்கால் பாலங்களில் மட்டும் இறங்குங்கள். தாயார் காரிலேயே இருந்து பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர் – ஆக்கூர்ப் பேரன்

நேற்றிரவு இந்தப் பதில்களைத் தாயாருக்குப் படித்துக் காட்டினேன். பிரம்பு வளையத்தைப் பற்றிச் சொன்னதும் அவர் கையை உயர்த்தி, பாயிண்ட்ஸ்மேன் நிற்பதைப் போல நின்று காட்டினார். பிறகு ஒரு செய்தி சொன்னார். நிலையத்தில் வண்டி புறப்பட்டதும் அடிக்கும் மணி உண்மையான மணி அல்ல, தொங்கவிட்ட தண்டவாளத் துண்டுதான் என்றும், பாதை மூடிய பிறகு அதே போன்ற துண்டு ஒன்று பக்கத்து ஊர்த் தொடக்கப்பள்ளியில் மணியாகத் தொங்கியது என்றும், அதில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது என்றும் சொல்கிறார். அது நிலையத்து மணியே தானா என்று கண்டறிய வழி உண்டா?

பதில் 6 – பிரம்பு வளையம்

அதே துண்டா என்று உறுதியாகச் சொல்ல இயலாது, ஆனால் அந்தக் காலத்தைச் சேர்ந்ததா என்று சொல்ல முடியும். தண்டவாளத்தை உருட்டும்போதே அதன் நடுப்பகுதியில் தயாரித்த ஆலையின் பெயரையும் ஆண்டையும் எடையையும் புடைப்பெழுத்தில் பதித்துவிடுவார்கள். தாயார் கண்ட எழுத்து அதுவாகத்தான் இருக்கும். துரு மூடியிருந்தால் தேங்காய் நாரால் மெல்லத் தேய்த்துவிட்டு, எழுத்துகளின் மேல் சுண்ணாம்புக் கட்டியைப் படுக்கவைத்து உரசுங்கள், படிக்க முடியும். ஆண்டு 1926க்குப் பிந்தியது என்றால் ஏமாற வேண்டாம், இடையிடையே தண்டவாளம் மாற்றுவது வழக்கம். பள்ளி வேலை நாளில் போய்த் தலைமையாசிரியரிடம் அனுமதி கேளுங்கள். முடிந்தால் கடைசி மணியைத் தாயாரையே அடிக்கவிடச் சொல்லுங்கள்.